வாசலிலேயே திருப்பி அனுப்பாதீர்கள்

இந்தியாவில் ஊசி வழியாகப் போதைப்பொருள் ஏற்றிக்கொள்வோரிடையே எச்.ஐ.வி. தொற்று 2017இல் 6.26 விழுக்காடாக இருந்தது. 2021இல் அது 9.03 விழுக்காடு. இந்த எண்கள் தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பே நடத்திய கண்காணிப்புக் கணக்கெடுப்பில் வந்தவை. கணக்கெடுத்த இடங்கள் இரண்டு முறையும் அச்சாக ஒன்றல்ல என்பதால், ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்து அதுதான் உயர்வு என்று சொல்லிவிடக் கூடாது. ஆனாலும் பதினோரு பேரில் ஏறத்தாழ ஒருவருக்குத் தொற்று என்ற நிலையே போதும், நாம் பதறுவதற்கு. அதே 2021இல் நாட்டின் வயதுவந்தோர் அனைவரையும் எடுத்துக்கொண்டால் தொற்று 0.21 விழுக்காடுதான். பாலியல் தொழிலாளர்களிடையே அது 2 விழுக்காட்டுக்கும் கீழே இறங்கிவிட்டது. 1986இல் சென்னையில் மருத்துவர் சுனிதி சாலமன் நாட்டின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகளைக் கண்டறிந்த நாள் முதல் இத்தனை ஆண்டுகள் பாடுபட்டுப் பெற்ற வெற்றி, ஊசி ஏந்திய கைகளுக்கு மட்டும் போய்ச் சேரவில்லை.

யார் இவர்கள்? மத்திய சமூகநீதி அமைச்சகத்துக்காக தில்லி எய்ம்ஸ் நடத்தி 2019இல் வெளியான நாடு தழுவிய ஆய்வு, ஊசி வழியாகப் போதை ஏற்றிக்கொள்வோர் சுமார் 8.5 லட்சம் பேர் என்று மதிப்பிட்டது. மணிப்பூர், மிசோரம், நாகாலாந்து, பஞ்சாப், தில்லி என்று சொல்லிவிட்டு நாம் நிம்மதியாக இருந்த காலம் போய்விட்டது. சென்னையிலும் தமிழகத்தின் பிற ஊர்களிலும் டேபென்டடால் என்னும் வலி மாத்திரைகளைக் காவல்துறை பறிமுதல் செய்யும் செய்தி இப்போது அடிக்கடி வருகிறது. இளைஞர்கள் அவற்றைப் பொடித்துத் தண்ணீரில் கரைத்து நரம்பில் ஏற்றுகிறார்கள். விழுங்குவதற்காகச் செய்யப்பட்ட மாத்திரையில் மருந்தோடு மாவும் சுண்ணமும் சேர்ந்திருக்கும். அது ரத்தக்குழாயை அடைக்கும், புண்ணாக்கும். ஒரே ஊசி மூன்று நான்கு கைகளுக்கு மாறும்போது ஹெபடைட்டிஸ் சியும் எச்.ஐ.வி.யும் கூடவே மாறுகின்றன.

இதற்கு மருந்து இருக்கிறது. அது புதியதும் அல்ல. மெதடோன் 1930களின் இறுதியில் ஜெர்மனியில் வலி நிவாரணியாக உருவாக்கப்பட்டது. 1960களின் நடுவில் நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் ஆய்வு நிறுவனத்தில் வின்சென்ட் டோலும் மேரி நைஸ்வாண்டரும் ஹெராயினுக்கு அடிமையானவர்களுக்கு அதை நாள்தோறும் கொடுத்துப் பார்த்தார்கள். ஹெராயினின் வேகம் சில மணி நேரத்தில் அடங்கிவிடும். உடனே உடல் முறுக்கும், வயிறு கலங்கும், வியர்த்துக்கொட்டும், அடுத்த ஊசியைத் தேடிக் கால் தானாகவே நடக்கும். வாய்வழியாகக் குடிக்கும் மெதடோன் ஒரு நாள் முழுக்க, சிலருக்கு அதற்கு மேலும், உடலில் நிற்கிறது. சரியான அளவு கிடைத்தால் முறுக்கலும் இல்லை, மயக்கமும் இல்லை. வேலைக்குப் போகலாம், பிள்ளையைப் பள்ளிக்கு அழைத்துப்போகலாம், ராத்திரி தூங்கலாம். உலக சுகாதார அமைப்பு 2005இல் மெதடோனையும் அதன் சகோதர மருந்தான ப்யூப்ரனார்ஃபினையும் அத்தியாவசிய மருந்துகளின் பட்டியலில் சேர்த்தது. இந்தியாவில் மெதடோன் சிகிச்சை 2012இல் தொடங்கியது. 2014இல் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் திருத்தப்பட்டபின் அத்தியாவசியப் போதை மருந்துகள் என்ற வகையில் மெதடோனும் இடம்பெற்றது. சட்டம் வழிவிட்டது; மருந்தும் வந்தது. ஆனால் விரல்விட்டு எண்ணக்கூடிய அரசு மருத்துவமனைகளைத் தாண்டி அது நகரவில்லை. நம் மையங்கள் பெரும்பாலும் ப்யூப்ரனார்ஃபினையே தருகின்றன. அதுவும் நல்ல மருந்துதான். ஆனால் இரண்டையும் சேர்த்தாலும், எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பின் மாற்று மருந்து மையங்கள் அந்த 8.5 லட்சம் பேரில் பத்தில் ஒருவரைக்கூட எட்டவில்லை. நூற்றுக்கு நாற்பது பேரை எட்டினால்தான் நல்ல பரவல் என்பது உலக சுகாதார அமைப்பின் அளவு.

ஏன் எட்டவில்லை என்ற கேள்விக்குப் பெரும்பாலும் வரும் பதில், 'அவர்கள் வருவதில்லை' என்பது. வந்தால் என்ன நடக்கிறது என்று கேட்டுப் பார்க்க வேண்டும். அடையாள அட்டை கொண்டுவா, வீட்டாரை அழைத்துவா, முதலில் உள்நோயாளியாகச் சேர்ந்து எல்லாவற்றையும் விட்டுவிட்டு வா, இடையில் ஒரு முறை ஊசி போட்டது தெரிந்தால் பெயரை அடித்துவிடுவோம், தினமும் காலை பத்து மணிக்கு மேல் வந்து வரிசையில் நில். தினக்கூலிக்குப் போகிறவர் காலை பத்து மணிக்கு எப்படி வருவார்? மிசோரத்தின் மலையூரிலிருந்து ஐஸ்வாலுக்கு அன்றாடம் யார் வண்டிச்சத்தம் கொடுப்பார்? ஊசி போடும் பெண், ஆண்கள் மட்டுமே நிற்கும் வரிசையில் எந்தத் துணிச்சலில் வந்து நிற்பாள்? இந்தத் தடைகளை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு, வந்த அன்றே அல்லது மறுநாளே மருந்தைத் தொடங்கி, இன்னமும் சில நேரம் ஊசி போடுகிறவரையும் விரட்டாமல் வைத்துக்கொள்வதுதான் தடை குறைந்த மெதடோன் சிகிச்சை. கண்டிப்பு இல்லாத இந்தச் சிகிச்சையால் பயன் உண்டா என்று சந்தேகப்படுவது நியாயமே. உலகம் அதை அளந்தும் பார்த்திருக்கிறது.

கனடாவின் வான்கூவர் நகரை எடுத்துக்கொள்வோம். 1990களின் நடுவில் அதன் டவுன்டவுன் ஈஸ்ட்சைட் பகுதி, வளர்ந்த நாடுகளிலேயே மிக மோசமான எச்.ஐ.வி. பரவலைக் கண்டது. அங்கே ஊசி போட்டவர்களில், ஓராண்டில் நூற்றுக்குப் பதினெட்டுப் பேருக்கு மேல் புதிதாகத் தொற்றும் வேகம். 1997இல் நகரின் சுகாதார வாரியம் பொதுச் சுகாதார அவசரநிலையை அறிவித்தது. இதில் நாம் கவனிக்க வேண்டியது, அந்த ஊரில் அப்போதே ஆண்டுக்கு இருபது லட்சத்துக்கு மேல் புது ஊசிகள் இலவசமாக வழங்கப்பட்டுக்கொண்டிருந்தன என்பதுதான். ஊசியை மட்டும் கொடுத்துவிட்டு, ஊசியைத் தேட வைக்கும் உடலின் தவிப்பைக் கவனிக்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு அந்த நகரம் சாட்சி.

அந்தக் காலத்தில் வான்கூவர் இருக்கும் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணம் மெதடோனைத் தெருவுக்குக் கொண்டுவந்தது. பயிற்சி பெற்ற குடும்ப மருத்துவர் எழுதித் தரலாம். பக்கத்து மருந்துக்கடையில் மருந்தாளுநர் முன்னால் நின்று குடித்துவிட்டுப் போகலாம். முற்றாக விட்டால்தான் மருந்து என்ற நிபந்தனை இல்லை. இதன் விளைவை ஆய்வாளர்கள் 1996 முதல் 2013 வரை, பதினேழு ஆண்டுகள், பின்தொடர்ந்தார்கள். தொடக்கத்தில் தொற்று இல்லாத 1,639 பேரில் 138 பேருக்குப் பிறகு எச்.ஐ.வி. வந்தது. மெதடோன் பெற்ற காலத்தில் தொற்றும் அபாயம், பெறாத காலத்தைவிட 36 விழுக்காடு குறைவு. 2015இல் லான்செட் எச்.ஐ.வி. இதழில் வெளியான முடிவு இது. அதே ஆய்வுக் குழுமத்தில் இறப்பைக் கணக்கிட்டபோதும் மெதடோன் பெற்றவர்களுக்கு அபாயம் ஏறத்தாழக் கால்பங்கு குறைந்திருந்தது. இவர்கள் எல்லாரும் ஒழுங்காகப் போதையை விட்டவர்கள் அல்லர். பலர் இடையிடையே ஊசி போட்டார்கள், சிகிச்சையை விட்டுப் போனார்கள், திரும்பி வந்தார்கள். அப்படியிருந்தும் கிடைத்த பலன் இவ்வளவு.

மனத்திடம் உள்ளவர்கள்தானே சிகிச்சைக்கு வருவார்கள், பலன் மருந்தினாலா மனத்தினாலா என்று கேட்கலாம். பின்தொடரும் ஆய்வுகளில் இந்தக் கேள்வியை முழுவதுமாக விலக்க முடியாது. ஆனால் குலுக்கல் முறையில் பிரித்துச் செய்த சோதனையும் இருக்கிறது. நியூயார்க்கில், சிகிச்சைக்கு இடம் கிடைக்காமல் காத்திருந்த 301 பேரில் ஒரு பாதிக்கு ஆலோசனையோ பிற உதவியோ பெரிதாக இல்லாமல் மெதடோனை மட்டும் உடனே கொடுத்தார்கள். மறு பாதி வழக்கம்போலக் காத்திருந்தது. ஒரு மாதத்தில், மருந்து பெற்றவர்களின் சிறுநீரில் ஹெராயின் காணப்பட்டது 63 விழுக்காட்டிலிருந்து 29 விழுக்காடாக இறங்கியது. காத்திருந்தவர்களிடம் 62 என்பது 60 ஆனது, அவ்வளவே. 1991இலேயே அச்சேறிய முடிவு. முழு வசதியுள்ள மையம் கட்டி முடிக்கும்வரை ஒன்றும் செய்ய முடியாது என்ற அதிகாரிகளின் வாதத்துக்கு இதைவிடத் தெளிவான மறுப்பு வேண்டுமா?

இறப்பைப் பற்றி இன்னொரு கணக்கு. பல நாடுகளில் ஒரு லட்சத்து இருபதாயிரத்துக்கும் மேற்பட்டோரைப் பின்தொடர்ந்த ஆய்வுகளைத் தொகுத்து 2017இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் வெளியிட்டது. மெதடோன் சிகிச்சையில் இருந்த காலத்தில் ஆண்டுக்கு ஆயிரம் பேருக்கு 11 மரணங்கள். சிகிச்சைக்கு வெளியே 36.

இந்தச் சிகிச்சையின் குறைகளை மறைப்பது நோயாளிகளுக்குச் செய்யும் துரோகம். அதே தொகுப்பு ஆய்வு காட்டிய ஆபத்தும் உண்டு. மெதடோன் தொடங்கிய முதல் நான்கு வாரங்களில் இறப்பு அபாயம் கூடுதல். மருந்து உடலில் மெல்ல மெல்லச் சேர்வதால், அவசரப்பட்டு அளவைக் கூட்டினால் மூச்சு அடங்கிவிடும். மதுவும் தூக்க மாத்திரையும் சேர்ந்தால் இன்னும் மோசம். சிகிச்சையை நிறுத்திய உடனே வரும் நான்கு வாரங்களும் ஆபத்தானவை. எனவே வாசலைத் திறந்து வைப்பதென்றால் உள்ளே வந்தவரைக் கண்காணிக்காமல் விடுவது என்று பொருளாகாது. தொடக்க அளவு குறைவாக, ஏற்றம் படிப்படியாக, முதல் மாதம் அடிக்கடி சந்திப்பு என்ற கண்டிப்பு இருந்தே ஆக வேண்டும். அந்தக் கண்டிப்பு மருத்துவருக்கு உரியது. நோயாளியை வடிகட்ட அதைப் பயன்படுத்தக் கூடாது.

அளவைப் பற்றி ஆம்ஸ்டர்டாம் கற்றுத்தந்த பாடம் நம் திட்டக்காரர்கள் ஒவ்வொருவர் மேசையிலும் இருக்க வேண்டியது. 1979இலேயே அங்கே மெதடோன் பேருந்து ஓடத் தொடங்கியது. பேருந்து நிற்கும் இடத்துக்கு வந்து குடித்துவிட்டுப் போகலாம். ஆனால் 1985 முதல் அங்கே நடந்த நீண்டகால ஆய்வு 2007இல் சொன்னது இது: நாளுக்கு 60 மில்லிகிராமுக்குக் குறையாத மெதடோனும், தேவைப்படும் ஊசி முழுவதும் புதிதாகக் கிடைப்பதும் சேர்ந்திருந்தவர்களுக்கு எச்.ஐ.வி. அபாயமும் ஹெபடைட்டிஸ் சி அபாயமும் பாதிக்கு மேல் குறைந்தன. அரைகுறையாகப் பெற்றவர்களுக்கு அந்தப் பாதுகாப்பு தெரியவில்லை. கொஞ்சம் மருந்து, கொஞ்சம் ஊசி என்று கணக்குக் காட்டுவதற்காக நடத்தும் திட்டம் யாரையும் காப்பாற்றாது. மெதடோன் கொக்கேய்னுக்கோ மெத்தம்ஃபெட்டமைனுக்கோ மருந்து அல்ல என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

வான்கூவரும் சறுக்கியது. 2014 பிப்ரவரியில் மாகாண அரசு, பழகிய மெதடோன் கரைசலுக்குப் பதில் பத்து மடங்கு அடர்த்தியான வேறொரு தயாரிப்புக்கு எல்லாரையும் மாற்றியது. நோயாளிகளிடம் யாரும் கலந்து பேசவில்லை. முன்புபோல நாள் முழுக்கத் தாங்கவில்லை என்று பலர் முறையிட்டார்கள்; மீண்டும் ஊசியை நாடியவர்கள் உண்டு என்று பின்னர் ஆய்வுகளும் பதிவுசெய்தன. 2016இல் ஃபென்டனில் கலந்த சரக்கு தெருவை நிறைத்தபோது, அளவு மீறிய மரணங்களுக்காக மாகாணம் இன்னொரு அவசரநிலையை அறிவிக்க வேண்டியிருந்தது. எனவே மெதடோன் வந்துவிட்டால் எல்லாம் முடிந்தது என்று சொல்ல நாம் வரவில்லை. மெதடோன் இருந்தும் சில இடங்களில் இப்படி என்றால், இல்லாத இடங்களில் என்ன ஆகும் என்றுதான் கேட்கிறோம்.

அதற்கும் பதில் இருக்கிறது. 2014 மார்ச்சில் ரஷ்யா கிரிமியாவை இணைத்துக்கொண்டது. ரஷ்யச் சட்டத்தில் மெதடோனுக்குத் தடை. சில வாரங்களில் சிகிச்சை நின்றது. மருந்தை நம்பி வேலை, குடும்பம் என்று நிலைபெற்றிருந்த சுமார் 800 பேர் ஒரே வீச்சில் தெருவுக்குத் தள்ளப்பட்டார்கள். அவர்களில் 80 முதல் 100 பேர் வரை இறந்திருப்பார்கள் என்று ஐ.நா. சிறப்புத் தூதர் மிஷெல் கசாட்ச்கின் 2015இல் தெரிவித்தார். அவர்களைக் கொன்றது ஓர் அரசாணை.

அடைத்துவைத்துத் திருத்தலாம் என்று நினைப்பவர்களுக்கு மலேசியாவின் அனுபவம். ஒரு காலத்தில் அங்கே புதிய எச்.ஐ.வி. தொற்றுகளில் பெரும்பங்கு ஊசி வழியாக வந்தது. கட்டாய மறுவாழ்வு முகாம்களில் ஆயிரக்கணக்கானோரை அடைத்தும் பலனில்லை. 2005இல் மெதடோனும் மறு ஆண்டில் ஊசி மாற்றுத் திட்டமும் வந்தன. முகாம்கள் சிலவற்றைத் தன்விருப்ப சிகிச்சை மையங்களாகவே மாற்றினார்கள். இரண்டு வகையிலிருந்தும் வெளியே வந்தவர்களை ஒப்பிட்ட ஆய்வு 2017இல் வந்தது. கட்டாய முகாமிலிருந்து வந்தவர்கள் மீண்டும் போதைக்குத் திரும்ப எடுத்துக்கொண்ட இடைநிலைக் காலம் 31 நாள். தன்விருப்பமாக மெதடோன் பெற்றவர்களுக்கு 352 நாள். தமிழகத்தில் மறுவாழ்வு மையம் என்ற பெயரில் கதவைப் பூட்டி, அடித்து, கட்டிப்போட்டு நடக்கும் கொடுமைகள் செய்தியாகும்போதெல்லாம் இந்த இரண்டு எண்களையும் நினைத்துக்கொள்ள வேண்டும். பூட்டிய கதவுக்குள் இருக்கும் மாதங்களில் உடல் பழைய அளவைத் தாங்கும் சக்தியை இழக்கிறது. வெளியே வந்தவன் பழைய அளவையே ஏற்றினால் அதுவே கடைசி ஊசியாகிவிடுகிறது.

நம் நாட்டில் அளவுகோலே தவறாக இருக்கிறது. ஒரு மையத்துக்குப் பார்வையிடப் போகும் அதிகாரியோ அமைச்சரோ முதலில் கேட்பது, 'எத்தனை பேர் முழுசா விட்டுட்டாங்க?' என்பதுதான். ரேஷன் கடையை அளக்கும்போது எத்தனை பேருக்கு இனிமேல் பசியே எடுக்காது என்று நாம் கேட்பதில்லை. எத்தனை அட்டைக்கு அரிசி போய்ச்சேர்ந்தது என்றுதான் கேட்கிறோம். மாற்று மருந்து மையத்திடமும் அப்படித்தான் கேட்க வேண்டும். கதவு தட்டியவர்களில் எத்தனை பேருக்கு அந்த வாரத்திலேயே மருந்து தொடங்கியது? ஆறு மாதம் கழித்து எத்தனை பேர் இன்னும் வருகிறார்கள்? எத்தனை பேருக்குப் போதிய அளவு கொடுக்கப்படுகிறது? ஊசியை மற்றவருடன் பகிர்வது குறைந்ததா? புதிய தொற்று எத்தனை, மரணம் எத்தனை? பெண்கள் எத்தனை பேர்? வராமல் நின்றுபோனவரைத் தேடிப் போனீர்களா? இவற்றை ஊர்வாரியாக ஆண்டுதோறும் பொதுவில் வெளியிட்டால், எந்த மையம் வேலை செய்கிறது என்பது தானாகத் தெரிந்துவிடும்.

வீட்டுக்கு மருந்து கொடுத்தனுப்பினால் விற்றுவிடுவார்கள் என்ற அச்சமும் சோதிக்கப்பட்டுவிட்டது. 2020 கொரோனா ஊரடங்கில் வேறு வழியில்லாமல் இந்தியாவிலும் பல நாள் மருந்தைக் கையில் கொடுத்தார்கள். அமெரிக்காவில் நிலைபெற்ற நோயாளிகளுக்கு 28 நாள் வரை கொடுத்தார்கள். அங்கே அளவு மீறிய மரணங்களில் மெதடோன் சம்பந்தப்பட்டவற்றின் பங்கு 2019இல் 4.5 விழுக்காடு, 2021இல் 3.2. மருந்து வெளியே கசியவே கசியாது என்று யாரும் சொல்லவில்லை. பூட்டிய பெட்டியில் வைக்காவிட்டால் குழந்தை குடித்துவிடும் ஆபத்தும் உண்டு. அதற்கெல்லாம் வழிமுறை வகுக்கலாம். தினமும் வரச் சொல்லி வேலையைப் பறிப்பது வழிமுறை ஆகாது.

காவல்துறைக்கும் ஒரு வார்த்தை. சிகிச்சையைத் தானாக நாடி வருபவருக்கு வழக்கிலிருந்து விலக்கு அளிக்கப் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் 64ஏ பிரிவு இடம் தருகிறது. மையத்தின் வாசலில் சீருடை நின்றால் அந்தப் பிரிவு இருந்தும் இல்லாததே. டேபென்டடால் கடத்துகிறவனைப் பிடியுங்கள். அதைக் கரைத்து ஏற்றிக்கொண்ட பத்தொன்பது வயதுப் பையனை மருத்துவரிடம் அனுப்புங்கள்.

தமிழக அரசு இதில் தில்லிக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. சிற்றூர் வரை வலைபோல் விரிந்த ஆரம்ப சுகாதார நிலையங்கள் நம்மிடம் இருக்கின்றன. மாவட்டத்துக்கு ஒரு அரசு மருத்துவமனையிலாவது மாற்று மருந்தை வேலைக்குப் போகும் முன்பும் வந்த பின்பும் கிடைக்கும்படி தொடங்க வேண்டும். பெண்களுக்குத் தனி நேரம் வேண்டும். மெதடோன், ப்யூப்ரனார்ஃபின் இரண்டும் இருக்க வேண்டும். எச்.ஐ.வி., ஹெபடைட்டிஸ் சி பரிசோதனையும் சிகிச்சையும் அதே அறையில் கிடைக்க வேண்டும். மூச்சடங்கியவரை மீட்கும் நலோக்சோன் ஒவ்வொரு அவசர ஊர்தியிலும் இருந்தாக வேண்டும். வடகிழக்கில் எண்பதுகளின் இறுதியில் தொற்று நுழைந்து பரவிய வேகத்தைப் பார்த்த நாடு இது. இங்கே அந்த வேகம் பிடிக்கும்வரை பார்த்துக்கொண்டிருப்பது குற்றம்.

வீட்டில் ஒருவர் இதில் சிக்கியிருந்தால், மானம் போய்விடும் என்று மறைக்காதீர்கள், அறையில் பூட்டாதீர்கள். மாற்று மருந்து தொடங்கிய பின் 'அதையும் எப்போது நிறுத்துவாய்' என்று மூன்றாம் மாதமே நெருக்காதீர்கள். மருந்தை நிறுத்துவது மருத்துவரோடு சேர்ந்து எடுக்க வேண்டிய முடிவு. போதை மீட்பு உதவி எண் 14446. எச்.ஐ.வி. பற்றிய உதவி எண் 1097. இரண்டுக்கும் கட்டணமில்லை.